பொலிதேயாமா எண்டால் எந்தப் பொலிதேயாமா?

பலெர்மோவில் இருக்கிற எங்கட ஆக்களுக்குப் பொலிதேயாமா எண்டால் ஒரே இடம்தான்: 1874இல் திறந்த அந்த வட்ட அரங்கு. "பொலிதேயாமாவுக்கு முன்னால நில்லுங்கோ" எண்டால் போதும். ஆனால் இத்தாலியில் அது பலவகை நிகழ்ச்சிகள் நடக்கும் அரங்குகளுக்கு வழங்கும் பெயர். ஜெனோவாவிலும் ஒன்று இருக்கு, திரியெஸ்தேயிலும் ஒன்று இருக்கு. உங்கள் படத்துக்கோ கட்டுரைக்கோ அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் குறிச்சொல்லாகப் போட்டால், லண்டனில் இருந்து தேடுகிற ஒன்றுவிட்ட தங்கச்சிக்கு எல்லாம் கலந்துதான் வரும். 'பலெர்மோ பொலிதேயாமா' எண்டு இரண்டு சொல்லாகப் போடுங்கள்.

அதுக்காக 'பொலிதேயாமா முன்னால் மழையில் எடுத்த படம்' எண்டு நீட்டவும் கூடாது. அது குறிச்சொல் இல்லை, தலைப்பு. அடுத்த மாதம் போடப்போகும் இன்னொரு பதிவுக்கும் அதே சொல் பொருந்துமா எண்டு பாருங்கள். பொருந்தாவிட்டால் விடுங்கள்.

தமிழில் இன்னொரு தொல்லை, ஒற்று. 'பலெர்மோ தமிழர்', 'பலெர்மோத் தமிழர்' இரண்டும் எங்களுக்கு ஒன்று. கணினிக்கு வேறு வேறு. பாதிப் பதிவுகள் அங்கே, பாதி இங்கே எண்டு பிரிஞ்சு போகும். தமிழ் ரீச்சர் கோவிப்பா, ஆனாலும் குறிச்சொல்லில் ஒற்று வேண்டாம் என்பதுதான் என் கட்சி. தேடுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தட்டுவதில்லை.

சொற்களுக்கு இடையில் விடும் இடைவெளியும் முக்கியம். 2003இல் வந்த டெலிசியஸ் ஆரம்பத்தில் இடைவெளியைக் கண்டாலே அடுத்த குறிச்சொல் எண்டு எடுத்துக்கொண்டது. வேர்ட்பிரஸ் காற்புள்ளியால் பிரிப்பதால் அங்கே பயமில்லை. 2007இல் கிறிஸ் மெசினா முன்மொழிந்த ஹாஷ்டேக்கோ இடைவெளி வந்ததும் முடிந்துவிடும். 'சாந்தா ரொசாலியா' எண்டு எழுதினால் 'சாந்தா' மட்டும்தான் மிஞ்சும்; அது ஊரில இருக்கிற சாந்தா மாமியாகிவிடும்! அங்கே நடுவில் அடிக்கோடு போட்டு இணைக்க வேணும்.

சாந்தா ரொசாலியாவின் கோயிலுக்குப் பெல்லெக்ரீனோ மலை ஏறுகிற தமிழர்களில் சைவர்களும் உண்டு. அம்மம்மா ஏறின படத்தைத் தமிழ்க் குறிச்சொல்லோடு மட்டும் வைத்தால், இங்கே பிறந்த பேரப்பிள்ளைகளில் கனபேருக்கு அது அகப்படாது. அவையள் இத்தாலிய எழுத்தில்தான் தட்டுவினம். அதே பெயரை இத்தாலிய எழுத்திலும் ஒருமுறை சேர்த்துவிடுங்கள்.