பழைய கம்ப்யூட்டருக்கு இன்னொரு ஹார்டு டிஸ்க்



நம் கூட்டமைப்பில் பல குழுக்கள் சேமிப்பு, உள்கடன் கணக்கைப் பேரேட்டில் எழுதுவதோடு கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைக்கிறார்கள். சில சகோதரிகள் வீட்டிலேயே டைப்பிங், போட்டோ பிரிண்ட், கல்யாணப் பத்திரிகை என்று தொழிலாகவும் செய்கிறார்கள். இதில் பாதிக்கு மேல் பத்து, பதினைந்து வருஷத்துக் கம்ப்யூட்டர்தான். "இடம் இல்லை"ன்னு அது சொல்ல ஆரம்பித்ததும் கடைக்குத் தூக்கிட்டுப் போவோம். "இது பழசுங்க, புதுசு வாங்கிடுங்க"ன்னு பதில் வரும். அதற்காகக் குழுவில் கடன் கேட்டு மனு எழுதுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். இடம் மட்டும்தான் குறைச்சல் என்றால் இரண்டாவது ஹார்டு டிஸ்க் ஒன்று போதும். மாட்டுவது நம்மால் முடிகிற வேலைதான்.

ஹார்டு டிஸ்க் என்பது நம் கணக்கு, கடிதம், போட்டோ எல்லாம் தங்கும் இரும்புப் பெட்டி. உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் தட்டு நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. மேலே மயிரிழை இடைவெளியில் ஒரு கை ஓடி எழுதுகிறது, படிக்கிறது. இப்படி வருஷக்கணக்காகச் சுற்றும் பொருள் ஒருநாள் தேயத்தானே செய்யும்? எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இரண்டாவது டிஸ்க் இடத்துக்காக மட்டும் இல்லை, ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்பதற்காகவும்தான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "எங்க கணக்கு டி டிரைவ்ல பத்திரமா இருக்குங்க அக்கா" என்று பலரும் சொல்கிறார்கள். சி, டி, ஈ என்று மூன்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே டிஸ்க்தான். ஒரு பீரோவுக்குள் மூணு தட்டு மாதிரி. விண்டோஸ் கெட்டுப்போய் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் டி தப்பிக்கும், அது உண்மை. ஆனால் பீரோவே எரிந்தால் எந்தத் தட்டு மிஞ்சும்? அதுமட்டுமில்லாமல் டெஸ்க்டாப்பில் போட்டு வைப்பதெல்லாம் சி டிரைவில்தான் போய் உட்காருகிறது. ஐந்து வருஷக் கணக்கை டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் குழுக்கள் இன்றைக்கே கவனிக்க வேண்டும்.

முதலில் உங்கள் கம்ப்யூட்டர் எந்த வகை என்று பாருங்கள். முன்பக்கம் நின்று பார்த்தால் இடது கைப் பக்கத் தகடு, பின்னால் இரண்டு திருகாணி கழற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். டிஸ்கிலிருந்து போகும் ஒயர் மூன்று விரல் அகலத்துக்கு ரிப்பன் மாதிரி தட்டையாக இருந்தால் அது ஐடிஇ. ஒரு விரல் அகலம்கூட இல்லாமல் ஒல்லியாக இருந்தால் சாட்டா. சாட்டா 2003 வாக்கில் வந்து மெல்ல மெல்ல ஐடிஇ-யின் இடத்தைப் பிடித்தது.

ஐடிஇ என்றால் என் யோசனை, உள்ளே மாட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். அந்த வகை டிஸ்க் புதிதாகக் கிடைப்பதில்லை. பழையது வாங்கினால் அது எத்தனை வருஷம் ஓடியதோ! அதை நம்பிக் குழுக் கணக்கை வைக்கலாமா? யுஎஸ்பி-யில் சொருகும் வெளி டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்பி கம்ப்யூட்டராக இருந்தால் 2 டிபி-க்கு மேல் வேண்டாம், தகராறு செய்யும். பழைய ஐடிஇ டிஸ்க் ஏற்கெனவே கையில் இருந்து, அதைத்தான் மாட்டுவோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே ரிப்பனில் இரண்டு டிஸ்க் மாட்டினால் பின்னால் உள்ள குட்டி ஜம்பரை மாற்றி ஒன்றை மாஸ்டர், மற்றதை ஸ்லேவ் என்று வைக்க வேண்டும். எந்த இடத்தில் சொருகுவது என்று டிஸ்க் மேல் ஒட்டிய தாளில் படம் போட்டிருக்கும்.

2011 முதல் அரசு நம் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப் போன்றவற்றுக்கும் வெளி டிஸ்க்தான் சரி.

சாட்டா வகைக்கு வேலை சுலபம். 3.5 அங்குல டிஸ்க், 1 டிபி இருந்தால் குழுக் கணக்குக்கும் போட்டோவுக்கும் தாராளம். கடைக்குப் போகும் முன் மதர்போர்டில் சாட்டா சொருகும் இடம் காலியாக இருக்கிறதா, கரண்ட் பெட்டியிலிருந்து வரும் ஒயர்களில் தட்டையான சாட்டா முனை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து போனில் படம் எடுத்துப் போங்கள். டேட்டா கேபிள் டிஸ்கோடு பெரும்பாலும் வராது, தனியாகக் கேட்க வேண்டும். கரண்ட் முனை இல்லை, நாலு ஓட்டை வெள்ளை பிளக்தான் இருக்கிறது என்றால் மாற்று ஒயர் கிடைக்கும். அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முனையை அப்படியே பிளாஸ்டிக்கில் உருக்கி வார்த்த மட்டமான ஒயர்கள் உள்ளே ஷார்ட் ஆகிக் கருகியது உண்டு. பில்லும் வாரன்டி அட்டையும் வாங்கிக் குழு ஃபைலில் வையுங்கள்.

மாட்டும் நாளில் முதல் வேலை, முக்கியமான கணக்கைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்வது. பிறகு கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்தி, அதன் பின்னால் இருக்கும் கரண்ட் ஒயரையே உருவிவிடுங்கள். சுவர் சுவிட்சை அணைத்தால் போதாது, யுபிஎஸ்-க்குள் பேட்டரி இருக்கிறது, மறந்துடாதீங்க. ஒயரை உருவிய பின் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடியும். கைவளையல், தொங்கும் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள், முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் சேலை உரசினாலே உடம்பில் சின்ன மின்சாரம் ஏறும். நமக்குத் தெரியாது, ஆனால் டிஸ்கின் சர்க்யூட்டுக்கு அது போதும். டிஸ்கைத் தொடும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

பழைய டிஸ்குக்கும் புதியதுக்கும் நடுவில் ஒரு தட்டு இடம் விட்டுச் செருகினால் சூடு சேராது. இரண்டு பக்கமும் திருகாணி போடுங்கள், டிஸ்குக்கு உரிய குட்டை ஆணியாக. நீளமானதை முறுக்கினால் உள்ளே போய்க் கெடுக்கும். கேபிள் முனை எல் எழுத்து வடிவத்தில் இருப்பதால் ஒரு பக்கமாகத்தான் நுழையும். நுழையலைன்னா திருப்பிப் பாருங்கள், பலம் காட்டாதீர்கள்.

மூடி, ஆன் செய்தால் மை கம்ப்யூட்டரில் புது டிஸ்க் தெரியாது! இங்கேதான் பலர் "டிஸ்க் கெட்டுப்போச்சு"ன்னு திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அது கெடவில்லை, இன்னும் கோடு போடாத புது நோட்டு, அவ்வளவுதான். மை கம்ப்யூட்டரை ரைட் கிளிக் செய்து மேனேஜ், அதில் டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கும், 2 டிபி வரைக்கும் எம்பிஆர் போதும். பிறகு கறுப்புப் பட்டையில் 'அன்அலொகேட்டட்' என்று காட்டும் இடத்தில் ரைட் கிளிக் செய்து நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், குயிக் ஃபார்மட். எக்ஸ்பியில் நியூ பார்ட்டிஷன் என்று இருக்கும்.

இந்த ஒரு இடத்தில் நிதானம் ரொம்ப முக்கியம். பழைய டிஸ்கும் அதே பக்கத்தில்தான் தெரியும். தவறி அதை ஃபார்மட் செய்தால் குழுவின் முழுக் கணக்கும் போகும். அளவைப் படித்துப் பாருங்கள், கறுப்புப் பட்டை தவிர வேறு எதிலும் கை வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அப்படியே மூடிவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

1 டிபி வாங்கினால் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ஆழாக்கு மாறினால் அளவு மாறும் இல்லையா, அதேதான்.

இனி கணக்கைப் புது டிஸ்குக்குக் கொண்டு வரலாம். 'கட்' செய்யாமல் 'காப்பி' செய்யுங்கள், நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்த பின் பழையதை அழிக்கலாம். டாலி வைத்திருப்பவர்கள் அதன் டேட்டா ஃபோல்டரைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும். தமிழில் அடித்த பழைய கடிதங்களுக்கு இன்னொன்றும் தேவை: பாமினி, டேப், வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத எழுத்தாகத்தான் தெரியும். தமிழக அரசு 2010-ல்தான் யூனிகோடை ஏற்றது. அதற்கு முந்தைய தீர்மான நகல், திட்ட மனு எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் அந்த எழுத்துருக்களையும் சேர்த்துக் காப்பி செய்யுங்கள்.

இரண்டு டிஸ்கும் ஒரே டப்பாவில் இருப்பதால் இடி விழுந்தாலும் வைரஸ் வந்தாலும் திருடு போனாலும் சேர்ந்தே போகும். நம் குழுவில் பணப்பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவரிடம் என்று வைப்பதில்லையா? அதுபோல மாதக் கூட்டம் முடிந்ததும் கணக்கின் நகலை ஒரு பென்டிரைவில் ஏற்றி வேறொரு உறுப்பினர் வீட்டில் வையுங்கள்.

பழைய டிஸ்க் ஏற்கெனவே டக் டக் என்று சத்தம் போட்டால், வேறு எந்தச் சோதனையும் ஓட்டாமல் முதலில் கணக்கை வெளியே எடுத்துவிடுங்கள். இன்னொன்று: எக்ஸ்பிக்கு 2014-லும் விண்டோஸ் 7-க்கு 2020-லும் கம்பெனியின் பாதுகாப்பு நின்றுவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதலாம், பிரிண்ட் எடுக்கலாம், வங்கி வேலை மட்டும் வேண்டாம்.

என்றாவது அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போடுவதானால், உறுப்பினர்களின் ஆதார் நகல், பாஸ்புக் படம் எல்லாம் அதில் இருக்கும். டெலீட் செய்த பிறகும் அவற்றை மீட்டெடுக்க முடியும். டப்பாவைக் கொடுங்கள், டிஸ்கை மட்டும் கழற்றி உங்கள் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள்.