பிளீச்சிங் பவுடர் விஷவாயுவைத் தடுக்குமா?

பாதாளச் சாக்கடையில் தொழிலாளர் இறக்கும்போதெல்லாம் ‘விஷவாயு தாக்கி உயிரிழப்பு’ என்றே செய்தி வெளியாகிறது. யாரும் எதிர்பாராத ஒன்று திடீரென வந்து தாக்கியது போன்ற தோற்றத்தை இச்சொற்றொடர் தருகிறது. ‘பிளீச்சிங் பவுடர் தூவி, மூடியைத் திறந்து வைத்த பிறகே இறக்கினோம்’ என்று பணியமர்த்தியவர் சொன்னால், அது அறிவியலின் முன் நிற்குமா என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

கழிவுநீர்க் குழாயின் உட்சுவரில் வழுவழுப்பாகப் படிந்திருப்பது வெறும் அழுக்கு அன்று. அது பயோஃபிலிம் எனப்படும் நுண்ணுயிர்ப் படலம். பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரைச் சேர்மங்கள், புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றாலான பசையைச் சுரந்து அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. மேலடுக்கில் உள்ளவை ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் உள்ளடுக்கு ஆக்சிஜன் அற்றதாகிறது. அங்கே வாழும் சிலவகை பாக்டீரியாக்கள் கழிவுநீரிலுள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. அடியில் தேங்கும் கசடிலும் இதுவே நிகழ்கிறது. நாம் விஷவாயு என்பதில் முதன்மையானது இதுதான்.

பிளீச்சிங் பவுடரின் குளோரின் இந்த உள்ளடுக்கை எளிதில் எட்டுவதில்லை. பசை ஒரு சுவர்போல் அதைத் தடுக்கிறது என்று கருதிவிடக் கூடாது. படலத்தின் பெரும்பகுதி நீரே. சிறிய மூலக்கூறுகள் அதற்குள் புக முடியும். ஆனால் குளோரின் வழியில் எதிர்ப்படும் கரிமப் பொருள்களுடன் வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. கழிவுநீரிலேயே ஒரு பகுதி செலவாகிறது. மீதி படலத்தின் மேற்புறத்தில் செலவாகிறது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில் நுண்மின்முனைகளைப் படலத்திற்குள் செலுத்தி அளந்தனர். உள்ளே இருந்த குளோரின் செறிவு, பெரும்பாலும் வெளிநீரில் இருந்ததில் 20 விழுக்காடோ அதற்கும் குறைவாகவோதான் இருந்தது. ஆய்வகத்தில் வளர்த்த படலத்திலேயே இந்த நிலை.

ஊடுருவல் மட்டுமே சிக்கலன்று. மருத்துவமனைகளில் பயன்படும் டோப்ராமைசின் என்ற மருந்தின் நேர்மின்னேற்றம் கொண்ட மூலக்கூறுகளைப் பசையே பிடித்து வைத்துக்கொள்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் எளிதில் உட்புகுந்தாலும், உள்ளே வளர்ச்சியின்றி முடங்கியிருக்கும் பாக்டீரியாக்கள் பல தப்பிவிடுகின்றன. அதனால்தான் நோயாளிக்குப் பொருத்திய குழாயில் இப்படலம் படிந்தால், பல நேரங்களில் குழாயையே அகற்ற வேண்டியிருக்கிறது. சாக்கடைக்கும் இது பொருந்தும்: பவுடர் தூவுவது போதாது, படலத்தையும் கசடையும் இயந்திரத்தால் பெயர்த்து அகற்ற வேண்டும்.

மூடியைத் திறந்து வைப்பதும் போதுமானதன்று. கசடில் சிக்கியுள்ள வாயு, தொழிலாளி இறங்கிக் கிளறும்போதுதான் வெளியேறும். காற்றைவிடக் கனமானது என்பதால் அது கீழேயே தங்கும். ஏறத்தாழ 100 பி.பி.எம். அளவிலேயே மூக்கு மரத்துப்போவதால், ‘வாடை வரவில்லை’ என்பது பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது. அமிலம் ஊற்றினால் நீரில் கரைந்துள்ள சல்ஃபைடு வாயுவாக வெளியேறும். அமிலம் பிளீச்சிங் பவுடருடன் சேர்ந்தால் குளோரின் வாயுவும் கிளம்பும்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆபத்தான முறையில் தூய்மைப் பணி செய்ய எவரையும் ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. அச்சட்டத்தின் கீழான விதிகளில் உள்ள கருவிப் பட்டியலில் வாயு அளவிடும் கருவியும் இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் அதற்கு மாற்றாகாது. 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனால் இழப்பீடு வழங்குவதோடு குற்றப் பொறுப்பு தீர்ந்துவிடாது.

வாயு எங்கே, எதனால் உண்டாகிறது என்பது அறிவியலுக்கு நன்கு தெரிந்த செய்தி. தெரிந்த ஆபத்துக்குள் ஒருவரை இறக்கிவிட்டு, நேர்ந்த மரணத்தை ‘எதிர்பாராத விபத்து’ என்று எழுத அனுமதிக்கக் கூடாது. ஆகவே களத்திற்குச் செல்லும் தோழர்கள் முதல் நாளிலேயே கேட்க வேண்டியவை இவை: எந்தக் கருவியால், எந்த நேரத்தில் வாயு அளக்கப்பட்டது? பணி முடியும்வரை தொடர்ந்து அளந்தார்களா? இயந்திரம் ஏன் வரவில்லை? இறங்க எழுத்துப்பூர்வ அனுமதி அளித்தவர் யார்? விடைகளை எழுத்தில் பெறுவோம். முதல் தகவல் அறிக்கையில் 2013ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவுகளும் இடம்பெற வலியுறுத்துவோம்.