நீருள் அமைந்த நந்தவனம்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பதென்றால் நம்மிற் பெரும்பாலோர் மீனைப்பற்றியே எண்ணுவர். அதன் நிறம் யாது, உணவு யாது, விலை என்ன என்று வினவுவரேயன்றி, அம்மீன் வாழும் நீரைப்பற்றியும் அந்நீரிற் செழிக்கும் செடிகளைப்பற்றியும் வினவுவார் அரியர். ஆயின், நீர்ச்செடிகள் நிறைந்த பெருந்தொட்டிகளை நெடுங்காலம் பேணியவர்கள் இம்முறையைத் தலைகீழாக்கிக் கூறுவர். முதலிற் செடி, செடியின்பொருட்டு நீர், இவ்விரண்டும் நிலைபெற்ற பின்னரே மீன் என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கையின் காரணத்தையும், அதனை மிகப் பெரிய அளவிற் செய்துகாட்டிய ஒரு தொட்டியின் செய்தியையும் ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

செடிகளின் பச்சைப் பாகங்கள் வெளிச்சத்திலேதான் பிராணவாயுவை வெளியிடுகின்றன என்பதை இங்கென்ஹௌஸ் என்னும் டச்சு மருத்துவர் 1779-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். நீரில் மூழ்கிய இலைகளின்மேல் அரும்பும் சிறு குமிழிகளைக் கண்டே அவர் இவ்வுண்மையை ஆராய்ந்தறிந்தனர். அதற்குச் சுமார் எழுபது ஆண்டுகளின் பின், லண்டன் மாநகரில் ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன சாஸ்திரி ஒரு பாத்திரத்தில் இரண்டு பொன்மீன்களையும், நாடாப்போன்ற இலையுடைய வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் இட்டு, நீரை மாற்றாமலே அவை வாழுமாவென்று சோதித்தார். சிலகாலம் யாவும் செவ்வனே நடந்தன. பின்னர்ச் செடியின் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கத் தொடங்கிற்று. அப்பொழுது அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார், அவை அழுகலைத் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது. இச்சோதனையை 1850-இல் அவர் இரசாயன சங்கத்தார்முன் எடுத்துரைத்தார். மீன், செடி, நத்தை என்னும் மூன்றும் ஒன்றின் கழிவை மற்றொன்று ஏற்று வாழும் இவ்வேற்பாடு படித்தோரை வியப்பிலாழ்த்தியது. நான்கு ஆண்டுகளுக்குள் பிலிப் ஹென்றி காஸ் என்பார் எழுதிய நூலொன்று ‘அக்குவேரியம்’ என்ற சொல்லையும் பரப்பிவிட்டது.

எனினும், வாரிங்டன் கண்டது பாதி உண்மையே. கண்ணுக்குப் புலப்படாத நான்காவது கூட்டாளி ஒன்று அப்பாத்திரத்திலே இருந்தது. மீனின் கழிவினின்றும் அழுகும் பொருள்களினின்றும் அமோனியா என்னும் நஞ்சு பிறக்கின்றது. மணலிலும் கல்லிலும் ஒட்டிவாழும் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களுள் ஒரு வகை அதனை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். புதுத்தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விடுவோர் சின்னாட்களில் அவற்றை இழந்து வருந்துவதன் காரணம் இதுவே. செடிகளோவெனின் அமோனியாவைத் தம் உணவாகவே நேரே உறிஞ்சிக்கொள்ளுகின்றன. ஆதலின் முதல் நாளிலேயே செடிகளை அடர்த்தியாக நடுதல் அழகுக்காக மட்டுமன்று, அது காவலுமாகும்.

இனிப் பெருந்தொட்டியின் செய்திக்கு வருவோம். போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் உள்ள மீன்காட்சிச்சாலையிலே, 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ‘நீருள் காடுகள்’ என்னும் பொருளுடைய பெயரால் ஒரு நன்னீர்த்தொட்டி திறக்கப்பட்டது. அதன் நீளம் 40 மீட்டர். அது கொள்ளும் நீர் 160,000 லிட்டர். நீரின் எடை மட்டுமே 160 டன் ஆமெனின், அதன் அடியிலுள்ள தளம் எத்துணை உறுதியுடையதாயிருத்தல் வேண்டுமென்பதை வாசிப்போரே கணக்கிட்டுக் கொள்ளலாம். அதனை அமைத்தவர் ஜப்பானியராகிய தகாஷி அமானோ. 1954-இல் நீகாத்தாவிற் பிறந்த இவர் முதலில் சைக்கிள் பந்தய வீரர். பின்னர்ப் புகைப்படக் கலைஞர். அமேசான், போர்னியோ முதலிய இடங்களின் காடுகளைப் படம்பிடித்தவர். அக்காடுகளிலே, விழுந்த மரத்தின்மேல் பாசமும் பன்னமும் எவ்வாறு படர்கின்றன, கற்களினிடையே புல் எவ்வாறு முளைக்கின்றது என்று கூர்ந்து நோக்கிய கண்ணே அவருடைய தொட்டிகளை அமைத்தது எனலாம்.

கல்லையும் கட்டையையும் அடுக்கும் நுட்பத்தைப்பற்றிப் பலர் விரிவாக எழுதியுள்ளனர். எமது கருத்தில் அஃது அளவுக்கு மிஞ்சிப் புகழப்பட்டதொன்று. முன்புறம் மண் தாழவும் பின்புறம் உயரவும் சரித்திடுக. பெருங்கல்லை நட்டநடுவில் நிறுத்தாது சற்று ஒதுக்கி நிறுத்துக. குட்டைச்செடிகள் முன்னும் நெட்டைச்செடிகள் பின்னுமாக நடுக. இவ்வளவு அறிந்தால் தொடக்கத்துக்குப் போதும். கடினமான கேள்வி வேறு: வெளிச்சம், கரியமிலவாயு, உப்புச்சத்துக்கள் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று இசைய அளித்தல் எவ்வாறு என்பதே அது.

காற்றோடு தொடர்புற்று நிற்கும் நீரில் தானாகக் கரைந்திருக்கும் கரியமிலவாயு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவே. அன்றியும், அவ்வாயு காற்றிற் பரவுவதைக் காட்டிலும் நீரிற் பரவுவது சுமார் பதினாயிரம் மடங்கு மெதுவானது. ஆகவே அசையாத நீரில் நிற்கும் இலை, தன்னைச் சூழ்ந்த வாயுவை விரைவில் உண்டு தீர்த்துப் பட்டினி கிடக்கின்றது. இதனால், செடி மிகுந்த தொட்டிகளில் அழுத்தக் கலத்தினின்று கரியமிலவாயுவை நுண்குமிழிகளாகச் செலுத்தி, லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரையில் நிறுத்துவர். பம்புகளால் நீரோட்டத்தையும் உண்டாக்குவர். விளக்கணைந்த பின் இதனை நிறுத்திவிடல் வேண்டும். இருளிலே செடியும் மீனைப்போலவே பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடுமாதலின், இரவிலும் அவ்வாயுவைப் பெய்துகொண்டிருந்தால் விடியுமுன் மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளந்து தவிக்கும்.

வெளிச்சம் மிகுந்தாற் செடி மிகுமென்று எண்ணுவது இயல்பு. உண்மையில், வாயுவும் சத்தும் குறைந்தவிடத்து வெளிச்சத்தை மட்டும் மிகுத்தால் செடி தளரும். தளர்ந்த இலையின்மேல் பாசி ஏறும். எனவே புதுத்தொட்டிக்கு நாளொன்றுக்கு ஆறு அல்லது ஏழு மணிநேர வெளிச்சமே அமையும். செடிகள் வேரூன்றிய பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஆழமான தொட்டிகளில் அடிப்பகுதிக்கு எட்டும் ஒளி மிகக் குறைவாதலால், அங்கே நிழல்விரும்பும் செடிகளையே தேர்தல் நலம். அவற்றுட் சிறந்தனவாகிய கிரிப்டோகொரைன் இனங்கள் பல இலங்கையின் ஓடைகளிலும், சில நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளிலும் இயற்கையாக வளர்வன. இடம் மாற்றினால் இச்செடியின் இலைகள் யாவும் கூழாய்க் கரைந்துவிடுவதுண்டு. செத்ததென்று பிடுங்கி எறிதல் கூடாது. வேர் உயிரோடிருப்பின் சில வாரங்களில் புதிய இலைகள் தோன்றும்.

அடுத்துப் பராமரிப்பு. ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாகப் புதுநீர் ஊற்றினாற் போதாதோ என்று சிலர் கேட்பர். போதாது. ஆவியாவது நீர் மட்டுமே. அதிற் கரைந்த உப்புக்கள் தொட்டியிலேயே தங்கி நாளடைவில் திரளுகின்றன. ஆகையால் பழைய நீரில் ஒரு பங்கை வெளியேற்றியே புதுநீர் விடுதல் வேண்டும். லிஸ்பன் தொட்டியின் அளவுடையதொன்றிற் பத்தில் ஒரு பங்கை மாற்றுவதாயின் அதுவே 16,000 லிட்டராகின்றது. அந்நீர் குழாய்நீராயிருப்பின் அதிலுள்ள குளோரினை முதலில் நீக்கல் வேண்டும்; வெப்பமும் ஒத்திருத்தல் வேண்டும். பெருந்தொட்டிக்கு ஒரு நன்மையுண்டு: அதிற் கேடு மெதுவாகவே விளையும். ஆனால் விளைந்த கேட்டைத் திருத்துதலும் அவ்வாறே மெதுவானது. அது காரணமாக அங்கே நாள்தோறும் அளந்து பார்த்துக் குறித்து வைக்கும் பழக்கம் சிறுதொட்டியினும் இன்றியமையாததாகின்றது.

பாசியை அடக்குதற்கு அமானோ ஒரு சிறு இறாலைத் துணைக்கொண்டார். இக்காலத்தார் அதனை அவர் பெயராலேயே வழங்குகின்றனர். இவ்விறால் நன்னீரில் வாழ்ந்து முட்டையிடினும், அதன் குஞ்சுகள் உப்புநீரிலன்றி வளர்வதில்லை. ஆகவே தொட்டியில் அஃது எண்ணிக்கையிற் பெருகித் தொல்லை தருவதில்லை. அவ்வப்போது புதிதாக வாங்கிவிட வேண்டுவதே குறை.

லிஸ்பன் தொட்டி திறந்த நான்காம் மாதத்தில், 2015 ஆகஸ்டு 4-ஆம் நாள், அமானோ காலமானார். ஓவியன் இறந்தால் ஓவியம் அவ்வாறே நிற்கும். நீருள் நட்ட தோட்டமோ அவ்வாறு நில்லாது. கத்தரிப்பார் இல்லையேல் ஓரிரு மாதங்களில் விரைந்து வளரும் செடி நீர்மட்டத்தை மூடிக் கீழுள்ளவற்றை இருளிலாழ்த்திக் கொன்றுவிடும். அவர் மறைந்த பின்னும் அத்தோட்டம் ஆண்டுக்கணக்கிற் பசுமையாய் நின்றதெனின், அது பெயரறியப்படாத பணியாளர்கள் கத்தரிக்கோலோடு செய்த வேலையேயாம்.

இவ்வாறு கத்தரித்தெடுத்த தழையை என்செய்வது என்பதும் அற்பமான கேள்வியன்று. 1950-களில் இலங்கையினின்று மீன்தொட்டி வியாபாரத்தின்வழி அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்துக்குச் சென்ற ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடி அங்குள்ள கால்வாய்களிற் புகுந்து, ஏரிகளை அடைத்து, படகும் செல்லவொட்டாதபடி செய்துவிட்டது. ஒரு விரலளவு தண்டுத்துண்டும் அதற்கு விதையாகும். ஆதலின் தேர்ந்தோர், வெட்டிய இலையையும் தண்டையும் சாக்கடையிலாவது வாய்க்காலிலாவது விடாது, வலையால் ஒரு துணுக்கும் எஞ்சாமல் அரித்தெடுத்து, வெயிலில் நன்றாக உலர்த்திய பின்னரே எருக்குழியில் இடுவர்.