வெம்மையும் நெடுந்தொலை முத்துறைப் போட்டியும்

நீந்துதல், துவிச்சக்கர வண்டி செலுத்துதல், ஓடுதல் என்னும் மூன்றினையும் இடையில் ஓய்வின்றி ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நாளில் நிறைவேற்றும் போட்டியினை மேலைத்தேயத்தார் ட்ரையத்லன் என்பர். ஈண்டு அதனை முத்துறைப் போட்டி என வழங்குவாம். அதன் நெடுந்தொலை வடிவம் 1978ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் ஹவாயின் ஒவாகு தீவிலே பிறந்தது. நீச்சல் வீரர், சைக்கிள் வீரர், ஓட்டவீரர் ஆகிய மூவருள் உடலுரம் மிக்கவர் யார் என எழுந்த விவாதத்தைத் தீர்த்தற்கு ஜோன் கொலின்ஸ் என்னும் அமெரிக்கக் கடற்படை அலுவலர் கண்ட வழி அது. 3.8 கிலோமீற்றர் கடலில் நீந்தி, 180 கிலோமீற்றர் வண்டியோட்டி, அதன்மேல் 42.2 கிலோமீற்றர் மரதனும் ஓடுதல் வேண்டும். பதினைவர் தொடங்கினர், பன்னிருவர் முடித்தனர். முதல்வராய் வந்த கோர்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 செக்கன் சென்றது. 1981இல் இப்போட்டி ஹவாய்ப் பெருந்தீவின் கோனாக் கரைக்கு மாற்றப்பட்டது. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை வெளியினூடே, நிழலற்ற சாலையில் ஓடுவதே அன்றுதொட்டு இப்போட்டியின் அடையாளமாயிற்று.

இதன் பாதித் தொலைவுப் போட்டி, அஃதாவது 1.9, 90, 21.1 கிலோமீற்றர் கொண்டது, 2018 பெப்ரவரியில் நம் நாட்டிலும் கொழும்பிலே நடைபெற்றது. நம்மவர்க்கு நெடுந்தொலை முயற்சி புதிதன்று. தொண்டைமானாறு மு. நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சென்று மீண்டும் நீந்தியே திரும்பினார். அவர் 1984இல் ஆங்கிலக் கால்வாயின் குளிர்நீரை நீந்த முயன்றபோது உயிர்நீத்தார். நீர் வெப்பத்தைக் காற்றினும் ஏறத்தாழ 25 மடங்கு கடத்தவல்லது. இவ்வுண்மை பின்னரும் நமக்கு வேண்டப்படும்.

வன்னிப் பெருநிலத்தே இத்தகைய போட்டி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். முல்லைத்தீவுக் கடலில் நீந்தி, மாங்குளம் வரை வண்டியோட்டித் திரும்பினால் 90 கிலோமீற்றரிலும் சற்று மிகும். ஆனால் இடர்ப்பாடு ஒன்று உண்டு. மாரியில் வாடைக்காற்றுக் காலத்தே கீழைக்கடல் கொந்தளிக்கும். அப்போது நீந்துதல் தகாது. கடல் அமைதியுறுவது சித்திரைக்குப் பின்னரே. அக்காலமோ தரை தகிக்கும் காலம். தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலைநாட்டிலே மழையைப் பொழிந்துவிட்டு வறண்டு இங்கு வந்து வீசுகிறது. நண்பகலில் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தொடுவதும் கடப்பதும் உண்டு. ஆகவே நீந்தத்தக்க காலமே ஓடத்தகாத காலமாய் அமைந்துவிடுகின்றது.

ஓடத்தகாது என்பது யாது பற்றி? எளிய கணக்கொன்றாற் காட்டலாம். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடின் ஏறத்தாழ 700 கிலோகலோரி செலவிடுவர். அதில் நான்கிலொரு கூறே இயக்கத்துக்குப் பயன்படும். எஞ்சிய 500க்கு மேற்பட்ட கிலோகலோரி வெப்பமாக உடலிலே தோன்றும். அவருடைய உடல் முழுவதையும் ஒரு பாகை சூடேற்ற ஏறக்குறைய 58 கிலோகலோரி போதும். வெப்பம் வெளியேறும் வாயில்கள் யாவும் அடைபட்டால் ஆறேழு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் உடல் சூடேறும் என்பது இதனாற் பெறப்படும். முப்பத்தேழு பாகையிலிருந்து நாற்பதுக்கு ஏற அரைமணி நேரமும் வேண்டுவதில்லை.

வாயில்களுள் தலையாயது வியர்வை. ஒரு லீற்றர் வியர்வை தோலின்மேல் முற்றாக ஆவியாயின் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டு செல்லும். மேற்கண்ட ஓட்டக்காரர்க்கு அது சரிக்குச் சரி. ஆனால் ஆவியாகும் வியர்வையே குளிர்விக்கும். சொட்டி நிலத்தில் விழும் வியர்வை நீரையும் உப்பையும் இழப்பித்ததேயன்றி வேறு பயன் செய்யாது. ஆதலால் வெப்பமானியைமட்டும் பார்த்து நாளின் கொடுமையை அளத்தல் பிழை. சாரீரப்பதனையும் நோக்கல் வேண்டும். உள்நிலத்தின் வறண்ட 35 பாகையினும் கடலோரத்தின் புழுங்கிய 31 பாகை ஓடுவோனைச் சில வேளை மிகுதியாக வருத்தும்.

காற்றின் பங்கும் சிறிதன்று. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வண்டியோட்டுபவர்க்கு அவ்வேகமே விசிறியாகும். தாம் எவ்வளவு வியர்க்கின்றோம் என்பதையே அவர் உணரார். வண்டியை விட்டிறங்கி ஓடத் தொடங்கிய கணத்தே விசிறி நின்றுவிடும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவை நோக்கி வருவோர்க்குத் தென்மேற்குக் காற்று பெரும்பாலும் முதுகுப்புறமாயிருக்கும். வண்டியோட்டத்தில் அது உதவி; அதே திசையில் ஓடுவோர்க்கோ, காற்றும் தாமும் ஒரே வேகத்திற் செல்லுதலால், தம்மைச் சுற்றி அசைவற்ற சூட்டுக் காற்றே நிற்கும். இதனாலேயே அனுபவமுள்ளோர் ஓட்டத்தின் முதற் சில கிலோமீற்றரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுகின்றனர்.

வெம்மைக்கு உடல் பழகும் என்பது மெய். நாள்தோறும் ஒரு மணிநேரமளவு வெயிலிலே பயின்றால் பத்து முதற் பதினான்கு நாளில் மாற்றம் புலப்படும். முதற் சில நாளிலேயே குருதியின் நீர்ப்பகுதி பெருகும். வியர்வை முந்தித் தொடங்கும். அதில் உப்புக் குறையும். அதே வேகத்தில் இதயத்துடிப்புத் தணியும். பயிற்சி நின்றாற் சில வாரத்தில் இப்பேறும் நீங்கும். வெப்பநாட்டிற் பிறந்தோம் என்னும் பெருமிதம் மாத்திரம் போதாது. விசிறியின் கீழ் அமர்ந்து எழுதுவோன் வவுனியாவிலே வாழினும் அவனுடல் வெயிலோட்டத்துக்குப் பழகியதாகாது. கனடாவிலும் இங்கிலாந்திலுமிருந்து ஆடி ஆவணி விடுமுறைக்கு ஊர்திரும்பி, வந்த மறுநாளே ஓடப்புறப்படும் நம் இளைஞர் இதனைச் சிறப்பாக நினைத்தல் நன்று. பழக்கத்தின் ஆற்றலுக்குச் சான்று வேண்டின் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மையாரைக் காட்டலாம். 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் பொற்பதக்கம் வென்றபோது அவருக்கு வயது 72. செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியாரும் விடியுமுன் நடந்து, நண்பகலில் நிழலிற் தங்கி, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் நடப்பர். 2020க்குரிய தோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடந்தபோது முத்துறைப் போட்டியைக் காலை 6.30க்குத் தொடங்கியதும், மரதனை வடக்கே சப்போரோ நகருக்கே மாற்றியதும் அடியார் அறிந்த அந்த நெறியை ஒத்தனவே.

இனி நீரருந்துதல். இதிலே இருபாலும் பிழை நிகழ்கின்றது. குடியாதிருத்தலின் கேட்டை யாவரும் அறிவர். மிகக் குடித்தலின் கேட்டை அறிந்தோர் சிலரே. குருதியிலே சோடியத்தின் செறிவு குறைய, மூளை வீங்கி, தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு எனத் தொடர்ந்து இறப்பும் நேரலாம். 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனிலே ஆராயப்பட்ட 488 ஓட்டக்காரருள் 13 வீதத்தினர்க்குச் சோடியம் குறைந்திருந்தமை 2005இல் வெளியான ஆய்வாற் புலனாயிற்று. விரைந்து ஓடுவோரினும், நீண்ட நேரம் மெல்லச் சென்று ஒவ்வொரு நீர்ப்பந்தலிலும் நின்று குடிப்போரே இதற்கு இலக்காவர். தாகத்தின் அளவே குடித்தல் பொது விதி. பயிற்சிக்கு முன்னும் பின்னும் தம் எடையை நிறுத்துப் பார்த்தல் அதனினும் திருத்தமான வழி. எடை சற்றுக் குறையலாம், கூடுதல் ஒருபோதும் ஆகாது.

ஒரு லீற்றர் வியர்வையில் ஆளுக்கேற்ப 1 முதல் 4 கிராம் வரை உப்புச் செல்லும். இளநீரே போதும் என்பார் பலர். இளநீரிற் பொட்டாசியம் மிகுதி. வியர்வையிற் போவதோ பெரும்பாலும் சோடியம். உப்பிட்ட கஞ்சியும் உப்பிட்ட மோரும் இவ்வகையில் மேலானவை. மருந்துக்கடையில் விற்கும் ஜீவனியும் ஆகும். எனினும் உப்பை உண்டுவிட்டோம் என்று அளவின்றி நீரைக் குடித்தல் காவலாகாது. மற்று, கடுவெயிலிலே குருதி தோலை நோக்கி விரைதலின் குடலுக்குச் செல்வது குறையும். குளிர்நாளிற் செரித்த உணவு வெந்நாளில் வாந்தியாகலாம். போட்டி நாளில் உண்பவற்றைப் பயிற்சி நாளிலேயே உண்டு பழகுதல் இதனால் வேண்டப்படும்.

1982 பெப்ரவரியிலே ஹவாய்ப் போட்டியில் பெண்களுள் முன்னணியில் வந்த ஜூலி மொஸ், முடிவுக்கோட்டுக்கு அண்மையில் விழுந்து, எழுந்து, மீண்டும் விழுந்தார். கத்லீன் மக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். மொஸ் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதனைக் கண்டோர் உளமுருகினர். போட்டியின் புகழும் அதனாற் பெருகிற்று. அம்மன உறுதியைப் போற்றுவதிலே தடையில்லை. ஆயினும் தள்ளாடும் ஓட்டக்காரரைக் கண்டு கைதட்டும் வழக்கம் நம் பாடசாலைகளிலும் பரவியிருத்தல் எமக்கு உவப்பானதன்று. தள்ளாடுதலும், கேட்டதற்கு மாறாக விடையளித்தலும், காரணமின்றிச் சினத்தலும் மூளை சூடேறியதன் குறிகள். உடலின் உள்வெப்பநிலை 40 பாகையைக் கடந்து அறிவு மயங்கின் அது வெப்பவாதம். வீரமன்று, அவசர நோய்.

வெப்பவாதம் நெடுந்தொலைக்கே உரியது என எண்ணுதலும் தவறு. பத்து மணிநேரம் செல்வோர் தம் வேகத்தைத் தாமே அடக்கிக்கொள்வர். ஐந்தாறு கிலோமீற்றரை முழு வேகத்தில் ஓடும் பதினாறு வயதினனே மேற்சொன்ன கணக்கின்படி விரைவிற் சூடேறுவான். 2024 மார்ச்சில் திருக்கோவிலிலே பாடசாலை மரதன் ஓட்டத்திற் பங்குபற்றிய மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நம் இல்லமெய்வல்லுநர் போட்டிகளும் அவற்றின் முன்னோடியான மரதனும் தை முதற் பங்குனி வரையிலேயே நடப்பன. பங்குனி வெயிலோ சொல்ல வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கே தொடங்குதலும், காய்ச்சலுற்றோரை அன்று ஓடவிடாமையும், வழிநெடுகத் தண்ணீரும் துவிச்சக்கர வண்டியில் ஓர் ஆசிரியருமாக வைத்தலும் பெருஞ் செலவின அல்ல.

மற்றொன்று, முடிவிடத்தில் ஓர் ஆள் அமரத்தக்க தொட்டியும் பனிக்கட்டியும். முல்லைத்தீவு மீனவர் மீன்பெட்டியில் இடும் பனிக்கட்டியே போதும். நீரின் வெப்பங்கடத்துந் திறன் பற்றி முன்னர்க் கூறியது இங்குப் பயன்படும். ஈரத்துணி போர்த்தலும் விசிறுதலும் உதவுமாயினும், வெப்பவாதமுற்றவனைக் கழுத்தளவு குளிர்நீரில் ஆழ்த்துதலே மிக விரைவான சிகிச்சை. தலை நீருள் அமிழாவண்ணம் ஒருவர் அக்குளிற் தாங்கியிருத்தல் வேண்டும். மற்றொருவர் நீரைக் கலக்கிக்கொண்டிருப்பார். அரைமணி நேரத்துள் வெப்பநிலை இறங்கின் பிழைத்தல் ஏறத்தாழ உறுதி. நம் ஊர்களில் வைத்தியசாலை தொலைவிலிருத்தலின் உடனே வாகனத்தில் ஏற்றவே மனம் விரையும். அப்பயணத்தில் மூளை வெந்துகொண்டேயிருக்கும். ஆம்புலன்சை அழைத்துவிட்டு, அது வரும்வரை தொட்டியிலேயே வைத்துக் குளிர்வித்து, உள்வெப்பநிலை 39 பாகைக்குக் கீழ் வந்தபின்னரே ஏற்றுதல் வேண்டும்.