பழைய காருக்குப் புது பாடி பார்ட்ஸ்: ஃபைபரா, ஸ்டீலா? எதை எங்கே மாட்டலாம்?

தாத்தா வாங்கிய அம்பாசடர் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. இன்ஜின் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் மட்கார்டு ஓரத்தில் பெயின்ட் கொப்புளம் போல எழும்பியிருக்கிறது. விரலால் அழுத்தினால் பொத்துக்கொண்டு உள்ளே போகிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "ஃபைபர் போட்டுடலாம் சார், ஆயுசுக்கும் துருவே பிடிக்காது" என்கிறார் ஒருவர். அடுத்த தெரு டிங்கரோ, "ஃபைபரா? வேணவே வேணாம். தகடு வெட்டிப் பத்தவச்சுத் தர்றேன்" என்கிறார். யார் சொல்வது சரி?

காரின் எந்தப் பகுதி என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஏன் இந்தக் குழப்பம்?

அம்பாசடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோனது. பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே விடைபெற்றுவிட்டது. கம்பெனி பாடி பார்ட்ஸ் கிடைப்பது வருடா வருடம் குறைகிறது. மிச்சம் இருப்பவை மூன்று வழிகள்: பழைய கார்களிலிருந்து கழற்றிய பார்ட்ஸ், டிங்கர் கையால் அடித்த தகடு, அச்சில் வார்த்த ஃபைபர்.

ஃபைபர் என்றால் என்ன?

கண்ணாடி இழைப் பாயை அச்சில் விரித்து, அதன்மேல் ரெசின் ஊற்றி இறுகவைத்தால் கிடைப்பதுதான் ஃபைபர்கிளாஸ். கார்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்காவின் செவர்லே கார்வெட் 1953-லேயே ஃபைபர் பாடியோடு வந்தது. நம் பக்கத்தில், 1980-களில் பெங்களூருவில் தயாரான சிபானி டால்ஃபினுக்கும் ஃபைபர் பாடிதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கார்கள் தொடக்கத்திலிருந்தே ஃபைபருக்காக வடிவமைக்கப்பட்டவை. உங்கள் அம்பாசடர் அப்படி அல்ல.

முதல் கேள்வி: போல்ட்டா, வெல்டிங்கா?

அம்பாசடர், பத்மினி, மாருதி 800 மூன்றும் 'மோனோகாக்' வகை. லாரிக்கு இருப்பதுபோல் இவற்றுக்குத் தனி சேஸி கிடையாது. தரை, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அந்தக் கூடே வண்டியின் பாரத்தைச் சுமக்கிறது. மோதினால் அடியை வாங்குவதும் அதுதான்.

எனவே பற்றவைக்கப்பட்ட எந்தப் பகுதிக்கும் ஸ்டீல்தான் வேண்டும். ஓட்டை விழுந்த சில் மீது ஃபைபர் பாய் ஒட்டிப் பட்டி போட்டு பெயின்ட் அடித்தால், வெளியே பளபளக்கும். உள்ளே துரு தொடர்ந்து தின்னும். விபத்து நேரத்தில் அந்த இடத்துக்கு பலமே இருக்காது.

போல்ட்டில் கழற்றி மாட்டும் பானட், டிக்கி மூடி, முன் மட்கார்டு ஆகியவற்றுக்கு ஃபைபரைப் பரிசீலிக்கலாம். கதவு போல்ட்டில் கழன்றாலும் அதை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். பக்கவாட்டில் அடி விழுந்தால் உள்ளே இருப்பவருக்கும் எதிரே வரும் வண்டிக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான்.

ஃபைபர்: எதில் லாபம், எதில் சிக்கல்?

துரு பிடிக்காது என்பது நிஜம். கடற்கரையோர ஊர்களில் இது பெரிய நிம்மதி. எடையும் குறைவு. 0.9 மி.மீ. ஸ்டீல் தகடு ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 7 கிலோ. 3 மி.மீ. ஃபைபர் சுமார் 4.5 கிலோ. ஆனால் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அம்பாசடரில் சில கிலோ குறைவதால் மைலேஜ் கூடிவிடாது.

மாட்டும்போது இவற்றைக் கவனிக்க வேண்டும்:

• எர்த்: பழைய கார்களில் பல மின்சாதனங்களுக்கு பாடியே எர்த். ஃபைபரில் மின்சாரம் பாயாது. முன் மட்கார்டை மாற்றியதும் ஹெட்லைட் மங்கினாலோ, இண்டிகேட்டர் எரியாவிட்டாலோ முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். தனியாக எர்த் ஒயர் இழுக்க வேண்டும்.

• பானட் லாக்: கீல், லாக் வரும் இடங்களில் ஃபைபருக்குள் இரும்புத் தகடு பதித்திருக்க வேண்டும். வெறும் ஃபைபரில் போல்ட் போட்டால் நாளடைவில் பிய்ந்துகொள்ளும். ஹைவேயில் பானட் எழும்பிக் கண்ணாடியை மறைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

• ஃபிட்டிங்: சரியாக இறுகும் முன்பே அச்சிலிருந்து எடுத்த ஃபைபர் வளைந்துபோகும். பெயின்ட் அடிக்கும் முன் வண்டியில் மாட்டி இடைவெளியைப் பார்த்துவிடுங்கள்.

• அடி: ஸ்டீல் நசுங்கும், தட்டி எடுக்கலாம். ஃபைபர் விரிசல் விடும். அதையும் ஒட்டலாம், ஆனால் ஃபைபர் வேலை தெரிந்த ஆள் வேண்டும்.

ஸ்டீல் என்றால் கவலையே இல்லையா?

இருக்கிறது. துருப்பிடித்த இடத்தை முழுவதும் வெட்டி எடுக்காமல் மேலேயே தகடு வைத்துப் பற்றவைத்தால், இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி மறுபடி அரிக்கும். வெல்டிங் முடிந்ததும் உள்பக்கமும் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

இன்சூரன்ஸ், ஆர்டிஓ என்ன சொல்லும்?

வழக்கமான மோட்டார் பாலிசியில் க்ளெய்ம் செய்யும்போது, பார்ட்ஸ் விலையில் தேய்மானம் கழிப்பார்கள். 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரின் உலோக பார்ட்ஸுக்கு 50 சதவீதம், ஃபைபர்கிளாஸ் பார்ட்ஸுக்கு 30 சதவீதம். அட, ஃபைபருக்கு லாபமா என்று தோன்றும். ஆனால் ஒரிஜினல் அல்லாத பார்ட் மாட்டியதை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. க்ளெய்ம் நேரத்தில் அதுவே தகராறு ஆகலாம்.

தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வடிவில் ஒரு மட்கார்டு மாட்டுவது வேறு, காரின் உருவத்தையே மாற்றுவது வேறு. சந்தேகம் இருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கார் 50 வயதைத் தாண்டியிருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். 2021-இல் வந்த 'வின்டேஜ்' பதிவு விதிகளின்படி, கார் ஒரிஜினல் வடிவில் இருக்க வேண்டும். சேஸியிலோ பாடி கூட்டிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் ஸ்டீல்தான் பாதுகாப்பான வழி.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

மெல்லிய துணி சுற்றிய சின்ன காந்தம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மட்கார்டு, கதவின் கீழ் ஓரம், சில் என ஒவ்வொரு இடத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே இருப்பது ஃபைபர், அல்லது தடிமனான பட்டி. பானட்டில் ஒட்டாவிட்டால் விலையைப் பேசிக் குறைக்கலாம். சில்லில் ஒட்டாவிட்டால், வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.