‘சும்மா விளையாட்டுக்கு’ 108-க்கு போன் பண்ணினால் ஜெயிலா? வெடிகுண்டு புரளி முதல் முல்லைப் பெரியாறு வதந்தி வரை... சட்டம் சொல்வது என்ன?

2025 அக்டோபரில் கேரளாவின் திருச்சூருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. முல்லைப் பெரியாறு அணையில் வெடிகுண்டு வெடிக்கும் என்பதுதான் மிரட்டல். வெடிகுண்டு நிபுணர்கள் அணைக்கே போய் சல்லடை போட்டுத் தேடினார்கள். எதுவும் சிக்கவில்லை.

புரளிதானே, விட்டுவிடலாம் என்று அதிகாரிகளால் இருக்க முடியாது. 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் தண்ணீரை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கே இருக்கிறது. அணையின் மறுபக்கம் இடுக்கி மக்களுக்கோ, உடைந்துவிடுமோ என்ற பயம். 2011 இறுதியில் அந்தப் பயம் பெரிதானபோது, குமுளி எல்லையே கொந்தளித்தது. 2021 அக்டோபரில், அணை குறித்து பீதி கிளப்புவோர் மீது நடவடிக்கை பாயும் என கேரள முதல்வர் பினராயி விஜயன் சட்டமன்றத்திலேயே எச்சரித்தார்.

பொய்த் தகவலுக்கு என்ன தண்டனை?

2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி-க்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்) நடைமுறையில் உள்ளது.

* பிரிவு 217: பொய் என்று தெரிந்தே தகவல் சொல்லி, அரசு ஊழியரைத் தேவையில்லாத வேலையில் இறக்கினால் 1 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய ஐ.பி.சி 182-ல் இது 6 மாதமும் ரூ.1,000-மாக இருந்தது.
* பிரிவு 248: ஒருவரைச் சிக்கவைக்க அவர் மீது பொய்யாகக் குற்றம் சுமத்தினால் 5 ஆண்டு வரை சிறை. சுமத்திய குற்றம் மரண தண்டனை, ஆயுள் தண்டனை போன்றவற்றுக்கு உரியதாக இருந்தால் 10 ஆண்டு வரை.
* பிரிவு 351(4): பெயரை மறைத்து மிரட்டினால், மிரட்டலுக்கான தண்டனையோடு கூடுதலாக 2 ஆண்டு வரை.
* பிரிவு 353: மக்களைப் பீதியாக்கி, பொது அமைதியைக் கெடுக்கத் தூண்டும் வதந்திக்கு 3 ஆண்டு வரை.

‘அணை உடையுது’ என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்தால்?

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன் பிரிவு 54 இதற்காகவே இருக்கிறது. பேரிடர் பற்றிப் பொய் எச்சரிக்கையை உருவாக்கினாலும் சரி, பரப்பினாலும் சரி, அதனால் பீதி ஏற்பட்டால் 1 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம்.

கம்பத்தில் இருந்துகொண்டு குமுளி போலீஸுக்கு போன் போட்டால்?

எல்லை தாண்டியதால் தப்பிக்க முடியாது. செயலின் விளைவு ஏற்பட்ட இடத்திலும் வழக்கு நடத்தலாம். கேரள போலீஸ் சட்டம் 2011-ன் பிரிவு 118(பி)படி, போலீஸ், தீயணைப்பு போன்ற சேவைகளைத் திசைதிருப்பப் பொய் அலாரம் கொடுத்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

உடனே கைது செய்வார்களா?

217-ல் மட்டும் என்றால் இல்லை. அது பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத, ஜாமீன் கிடைக்கும் குற்றம். ஏமாற்றப்பட்ட அதிகாரியோ அவரது மேலதிகாரியோ எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் என்றால் விஷயம் சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

உண்மையென நம்பி கூப்பிட்டு, அது தப்பாகிவிட்டால்?

பயப்பட வேண்டாம். ‘பொய் என்று தெரிந்தே’ சொல்வதுதான் குற்றம். மேகமலை பக்கம் புகையைப் பார்த்து காட்டுத்தீ என நினைத்து 101-க்கு அழைத்தீர்கள், போய்ப் பார்த்தால் குப்பை எரிகிறது என்றால் அது தவறு அல்ல. சந்தேகம் இருந்தால் கூப்பிடுவதே நல்லது. 112-க்கும் அழைக்கலாம்.

ஒரு புரளி அழைப்பால் என்ன நஷ்டம்?

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2022 டிசம்பரில் சபரிமலை சென்று திரும்பிய ஆண்டிபட்டி பக்தர்களின் வாகனம் குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்து 8 பேர் பலியானார்கள். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த இந்த ஊர்களில், பொய் அழைப்பை நம்பி மலை ஏறிய ஆம்புலன்ஸ் சட்டெனத் திரும்பி வர முடியாது. அந்த நேரத்தில் கீழே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், அவர் அடுத்த வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.