ஒளியை அளக்கும் அளவுகோல் யாருடையது?

கேமரா பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை திரையரங்கில் மட்டுமல்ல, நீதிமன்றத்திலும் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆனால் ஒரு முகம் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதை, அந்த முகம் கேமராவின் முன் வந்து நிற்பதற்கு வெகுகாலம் முன்பே படச்சுருளின் வேதியியலும் ஆய்வகத்தின் தர அட்டையும் முடிவு செய்திருந்தன. கடந்த இருபது ஆண்டுகளில் அந்த முடிவை எடுக்கும் இடம் மாறியிருக்கிறது. அது எங்கே போனது, இப்போது யார் கையில் இருக்கிறது என்பதே நாம் இங்கே பேச விரும்புவது.

கோடாக் நிறுவனம் 1950களில் தொடங்கி, வண்ணப் படங்களை அச்சிடும் ஆய்வகங்களுக்கு ஓர் அட்டையை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் இருக்கும். முதலில் அந்த அட்டைக்கு நின்ற பெண்ணின் பெயரால் அது 'ஷெர்லி அட்டை' என்றே அழைக்கப்பட்டது. ஷெர்லியின் தோல் சரியாகத் தெரிந்தால் அச்சு சரி. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வரலாற்றை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். வெள்ளைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் சேர்ந்து நிற்கும் பள்ளிப் படங்களில் கறுப்பினக் குழந்தைகளின் முகங்கள் இருண்டுபோவதாகத் தாய்மார்கள் குறைபட்டனர். அதனால் பெரிதாக எதுவும் மாறவில்லை. வெவ்வேறு மரங்களுக்கு இடையிலான நிற வேறுபாடு விளம்பரப் படங்களில் தெரியவில்லை என்று மரச்சாமான் நிறுவனங்களும், தங்கள் சாக்லேட்டின் பழுப்பு வகைகள் ஒன்றுபோலத் தெரிகின்றன என்று இனிப்பு நிறுவனங்களும் முறையிட்ட பிறகுதான் பழுப்பு நிறங்களுக்கான படச்சுருளின் திறன் மேம்படுத்தப்பட்டது. மனித முகத்துக்குக் கிடைக்காத கவனம் நாற்காலிக்குக் கிடைத்தது.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. போலராய்டு நிறுவனத்தின் அடையாள அட்டைக் கேமரா, தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு கறுப்பின மக்கள்மீது சுமத்திய கடவுச் சீட்டுகளுக்குப் பயன்பட்டது. 1970இல் இதை அம்பலப்படுத்தியவர்கள் அந்நிறுவனத்தின் கறுப்பின ஊழியர்களான கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும். ஏழாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1977இல் போலராய்டு அங்கிருந்து வெளியேறியது. மகிழ்ச்சியான குடும்பப் படத்தில் கறுத்த முகத்தைக் காட்டத் தடுமாறிய தொழில்நுட்பம், கண்காணிப்புக்கு வேண்டும்போது அதற்கான வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

தமிழ்த் திரையுலகம் பயன்படுத்திய வண்ணச் சுருளும் பெருமளவு இதே உலகச் சந்தையிலிருந்து வந்ததுதான். சுருளோடு பாடமும் வந்தது. லைட் மீட்டர் உலகம் முழுவதையும் 18 சதவீத ஒளியைத் திருப்பும் சாம்பல் நிறமாகக் கருதி அளக்கிறது. தோல் அதைவிட ஒரு படி வெளிச்சமாக இருக்கும், ஆகவே ஒரு படி திறந்து வை என்பது ஒளிப்பதிவுப் பாடநூல்கள் சொல்லும் விதி. அந்தத் 'தோல்' ஐரோப்பியத் தோல் என்பதைப் பெரும்பாலான நூல்கள் சொல்வதில்லை. வண்ணச் சுருளில் இருண்ட பகுதிகளின் விவரம் விரைவில் அழிந்துவிடும். சிவந்த முகத்துக்கு ஒளி அமைத்தால் அருகில் நிற்கும் கறுத்த முகம் நிழலாகும். கதாநாயகனுக்கு ஒளி, கூட்டத்துக்கு நிழல் என்ற பழக்கத்துக்கு அழகியல் காரணம் சொல்லப்பட்டாலும், அதன் அடியில் இந்தக் கணக்கும் இருந்தது.

டிஜிட்டல் கேமரா இந்தக் கணக்கைக் குலைத்தது. 2010இல் வந்த ஆரி அலெக்ஸா ஏறத்தாழ 14 படி ஒளி வேறுபாட்டைப் பதிவு செய்யக்கூடியது. இருளில் உள்ள விவரங்களை டிஜிட்டல் சென்சார் நன்றாகவே காப்பாற்றும். அதன் பலவீனம் மிகு வெளிச்சத்தில்தான். 2013இல் ஃபியூஜி திரைப்படச் சுருள் உற்பத்தியையே நிறுத்திக்கொண்டது. இதனினும் பெரிய மாற்றம் படப்பிடிப்புக்குப் பின்னால் நடந்தது. ரோஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு செய்து 2000இல் வெளிவந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' என்ற படம் முழுவதும் கணினியில் நிறம் திருத்தப்பட்டது. இன்று டி.ஐ. என்று நம் ஸ்டுடியோக்களில் புழங்கும் முறைக்கு அது வழிதிறந்தது. டி.ஐ. அறையில் கலரிஸ்ட் ஒரு முகத்தை மட்டும் தனியே வட்டமிட்டு, அது நகரும் வழியெல்லாம் பின்தொடர்ந்து, வெளுக்கவோ கறுக்கவோ முடியும். ஆய்வகத்தில் சுருள் முழுவதற்கும் செய்யப்பட்டது இப்போது ஒரு கன்னத்துக்கு மட்டும் செய்யப்படுகிறது.

இதை நேர்மையாகப் பயன்படுத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2016இன் 'மூன்லைட்' சான்று. ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டனும் கலரிஸ்ட் அலெக்ஸ் பிக்கெலும் அப்படத்தின் மூன்று பகுதிகளுக்கும் மூன்று வெவ்வேறு படச்சுருள்களின் நிறத்தன்மையைக் கணினியில் உருவாக்கினர். கறுப்புத் தோலின் மேல் விழும் ஒளியின் பளபளப்பை அழிக்காமல், நிழலை ஆழமாகவே விட்டார்கள். கறுத்த முகத்தை வெளுப்பாக்கி 'நன்றாகத் தெரியவைப்பது' வேறு, கறுப்பாகவே நன்றாகத் தெரியவைப்பது வேறு. முன்னது கருணை, பின்னது மரியாதை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. நிறத்தையும் சாதியையும் ஒன்றாக்கிப் பேசுவது நம் தரப்பிலும் நிகழும் பிழை. பஞ்சாபின் பிராமணரும் அதே பஞ்சாபின் தீண்டப்படாதவரும் இனத்தால் வேறுபட்டவர்கள் அல்லர், சென்னை மாகாணத்திலும் அப்படியே என்று 1936இலேயே அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். சாதிக்கு நிறமில்லை. இந்தியத் திரைப்படம்தான் அதற்கு நிறம் பூசுகிறது. 2019இல் 'சூப்பர் 30' படத்துக்காக ஹிருத்திக் ரோஷனின் முகமும், 'பாலா' படத்துக்காகப் பூமி பெட்னேகரின் முகமும் கறுப்பாக்கப்பட்டன. ஏழை என்றாலும் இழிவுபட்டவர் என்றாலும் கறுப்புப் பூச வேண்டும் என்ற பொதுப்புத்திக்கு இவை வெளிப்படையான எடுத்துக்காட்டுகள். கறுத்த நடிகருக்கு வேலை தராமல் கறுப்பை மட்டும் வாடகைக்கு எடுக்கும் ஏற்பாடு இது. மேக்கப் அறையில் நடப்பதாவது கண்ணுக்குத் தெரிகிறது, விமர்சிக்கவும் முடிகிறது. சேரிக் காட்சி வந்தவுடன் சட்டகம் முழுவதும் அழுக்கு மஞ்சளாகவும், அடுத்த காட்சியில் நகரத்து மாடிவீடு குளிர்ந்த நீலமாகவும் மாறுவது டி.ஐ. அறையில் நடக்கிறது. அதை யார் கேட்டார், யார் ஒப்பினார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. தணிக்கை வாரியம் பார்ப்பது முடிந்துபோன படத்தை மட்டுமே.

தொழில்நுட்பம் மலிவாகிவிட்டது, இனி யாரும் படமெடுக்கலாம் என்று கொண்டாடுவோரும் உண்டு. பாதி உண்மை. 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துபோன காலத்தில், இன்னொரு டேக் கேட்கவே பணபலம் வேண்டியிருந்தது. அந்தச் சுவர் இடிந்தது. ஆனால் சுங்கச்சாவடி வாசலுக்கு இடம் மாறியது. திரையரங்குகளில் டிஜிட்டல் கருவிகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் விதித்த கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச், ஏப்ரல் மாதங்களில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் புதுப்படங்களை வெளியிடாமல் போராடினார்கள். 2025 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம், யுஎஃப்ஓ மூவிஸ், க்யூப் ஆகிய நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. தாங்கள் கருவி கொடுத்த திரையரங்குகளில், தங்களிடம் பிந்தைய தயாரிப்புப் பணி செய்யப்படாத படங்களைத் திரையிடவிடாமல் ஒப்பந்தத்தால் தடுத்தனர் என்பதே குற்றச்சாட்டு. பெரிய தயாரிப்பாளர் இதைச் சமாளிப்பார். ஊரில் பணம் திரட்டி முதல் படம் எடுத்தவருக்கு இதுவே கடைசிப் படமாகிவிடும்.

சட்டம் இங்கே யாரைப் பாதுகாக்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் 'ஆசிரியர்' அதன் தயாரிப்பாளர். ஒளிப்பதிவாளர் அல்லர், இயக்குநரும் அல்லர். முதன்மை இயக்குநரையும் இணை ஆசிரியராக்க 2010 திருத்த மசோதாவில் முன்மொழிவு இருந்தது. 2012இல் சட்டமானபோது அது காணாமல் போயிற்று. இதன் பொருள் என்னவென்று 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு பார்த்தது. 'ராஞ்சனா' படத்தின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி', செயற்கை நுண்ணறிவால் மாற்றப்பட்ட முடிவுடன் மீண்டும் திரைக்கு வந்தது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். படம் வெளியானது. இறந்த கதாநாயகனை எழுப்ப முடியுமானால், ஒரு முகத்தை வெளுப்பதற்கு எவ்வளவு நேரமாகும்?

ஆகவே இப்போதைக்கு மீதமிருக்கும் கருவி ஒப்பந்தம் மட்டுமே. நம் இளம் இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும் கையெழுத்திடும் முன் குறைந்தபட்சம் மூன்று கூறுகளைக் கேட்டு எழுதிப் பெற வேண்டும். நிறத் திருத்தத்தின் இறுதி ஒப்புதல் ஒளிப்பதிவாளரும் இயக்குநரும் எழுத்தில் தந்த பிறகே செல்லும் என்பது ஒன்று. திருத்தப்படாத மூலப் பதிவின் ஒரு பிரதி இயக்குநரிடம் இருக்கும் என்பது மற்றொன்று. நடிகரின் முகத்தையோ தோலையோ காட்சியின் முடிவையோ செயற்கை நுண்ணறிவால் மாற்றுவதானால், ஒவ்வொரு முறையும் தனித்தனி ஒப்புதல் வேண்டும் என்பது மூன்றாவது. 'எல்லா வடிவங்களிலும், இனி கண்டுபிடிக்கப்படும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும்' என்று ஒரு வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கத்துக்கு அருகே இருக்கும். முதலில் அடிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.